கதண்டுக்குப் போட்ட முக்காடு

அரிமளத்துப் பக்கம் ஒரு ஊராட்சிப் பள்ளிக்கூடத்தின் பின்புறம், அடிப்பிடித்த உப்புமா அண்டாவைச் செவந்தி தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலை உணவுத் திட்டத்தில் அவள் சமையல்காரி. இந்த வேலை வந்த பிறகுதான் சொந்தச் செலவுக்குப் புருசன் குணசேகரனிடம் கைநீட்டுவதை நிறுத்தியிருந்தாள். கைபேசி குழாயடிச் சுவரில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்க்கிற நேரம்தான் அவளுக்கு அரசியல் கேட்கிற நேரம்.

எட்டாவதோடு நின்றவள். டீக்கடைப் பேப்பர் ஆம்பளைகளுக்கு. வீட்டு டிவி ரிமோட் குணசேகரனுக்கு. சட்டசபையில் என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொன்னது கைபேசிதான். அதிலும் கண்டவனையும் அவள் கேட்பதில்லை. ஒருத்தன் எடுத்ததுமே கத்துவான். ஒருத்தி பாதிச் செய்தியில் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் விற்பாள். தள்ளித் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒரே ஒருத்தனைப் பிடித்துவைத்திருந்தாள்: வசந்த். 'நம்ம பக்கம்' என்ற பேரில் ஒரு நிமிச வீடியோ போடுகிறவன். "இங்கிட்டு என்ன நடக்குதுன்னா..." என்று பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி ஆரம்பிப்பான். ஒருமுறை பஸ் பாஸ் விசயத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு, மறுநாளே, "தப்பு எம்மேலதான், மன்னிச்சுக்கங்க" என்று கும்பிட்டான். மன்னிப்புக் கேட்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று அன்றைக்கே செவந்தி முடிவு கட்டிவிட்டாள். மகளிர் குழுவில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும், "இருங்கடி, வசந்து என்ன சொல்றான்னு பாப்போம்" என்பாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவனைத்தான் பார்த்தார்கள்.

அந்த வசந்த் இன்றைக்கு அவளையே காட்டினான்.

மாம்பழ மஞ்சள் சேலை. தலையில் முந்தானை. பின்னால் ஏழெட்டுப் பெண்கள், எல்லார் தலையிலும் முந்தானை. மேலே சோகப் பாட்டு. "கிராம சபையில அதிகாரி கணக்கு வாசிக்க, எழவு வீடு மாதிரி முக்காடு போட்டு எந்திரிச்சு நடந்திருக்காங்க நம்ம ஆத்தாமாரு! முன்னாடி போற மஞ்சச் சேலை அக்காவுக்கு ஒரு சல்யூட்டு!"

நார் கையிலேயே நின்றது. சோப்புத் தண்ணீர் முழங்கை வழியாக மடிக்குள் இறங்கியதுகூடத் தெரியவில்லை.

நேற்று இதே பள்ளிக்கூடத் திடலில் நடந்த கிராம சபையில் நடந்தது வேறு. மைக் செட்டுக்காரர் ஒலிபெருக்கிக் குழாயைப் பனைமரத்தில் கட்டியிருந்தார். அதிகாரி பேச ஆரம்பித்ததும் மைக் கீச்சென்று அலறியது. பனையில் கூடு கட்டியிருந்த கதண்டு, விசக் குளவிக் கூட்டம், கலைந்து வந்தது. கதண்டு கொட்டி உயிர் போனவர்கள் உண்டு. முதலில் பார்த்தவள் செவந்தி. "தலைய மூடுங்கடி!" என்று முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வகுப்பறைப் பக்கம் விரைந்தாள். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். அதிகாரியே மேசைத் துணியை உருவிப் போர்த்திக்கொண்டுதான் வந்தார். அந்த இடம் வீடியோவில் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது குணசேகரன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டி, ஒனக்கு இந்த வேண்டாத வேல எதுக்கு? அதிகாரிய எதுத்தா சமையல் வேலை நிக்குமா?"

"ஐயோ, அது கதண்டுங்க!"

"கதண்டு எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நான் அங்க இருந்தேன். நீங்களா இருந்தீங்க?"

"நீதான சொன்ன, இவன் பொய் சொல்ல மாட்டான்னு? இப்ப ஒன்னச் சொன்னதும் பொய்யாப் போச்சா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது அவள் சொன்னதுதானே. வசந்த் தப்பென்று தெரிந்தால் கும்பிடுகிற பிள்ளை. தெரியாமல் போட்டிருப்பான், சொன்னால் திருத்திக்கொள்வான். அடுப்படியில் நின்று அவனுக்குக் குரல் பதிந்து அனுப்பினாள். "தம்பி வசந்து, அந்த மஞ்சச் சேலை நாந்தாம்ப்பா. முக்காடு போட்டதும் நாந்தான். ஆனா அது கதண்டு வந்துச்சுன்னு போட்டது. போராட்டமெல்லாம் இல்லப்பா. எனக்கு வேலை போயிரும், கொஞ்சம் எடுத்துச் சொல்லிரு சாமி."

மத்தியானம் பதில் வீடியோவாகவே வந்தது. வசந்த் கண் கலங்கி நின்றான். "அந்த அக்காவே எனக்குப் பேசிட்டாங்க மக்களே, கேளுங்க!" அடுத்து அவள் குரல்: "மஞ்சச் சேலை நாந்தாம்ப்பா. முக்காடு போட்டதும் நாந்தான்." அதோடு வெட்டு. பிறகு மேளம்.

செவந்தி திரும்பப் போட்டுக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். ஒரு சொல்கூட மாற்றவில்லை, எல்லாம் அவள் வாயால் சொன்னதே. இத்தனை நாள் இவனிடம் கேட்டு, ஊருக்கெல்லாம் சொல்லி, சண்டைகூடப் போட்டு நிலைநாட்டிய செய்தியில் எதெது இப்படிப் பாதியில் நின்றது? அதில் எதற்கும் அவள் நேரில் இருந்ததில்லை.

பொழுது சாய இளமதி வந்தாள். மகளிர் குழுத் தலைவி. செவந்தியைச் சமையலுக்குச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். அடுப்படி வாசல்வரை வந்தவள் உட்காரவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மேலேருந்து போன் மேல போன். கொஞ்ச நாளைக்கு வேற ஆளு சமைக்கட்டும்கிறாங்க. பள்ளிக்கூடச் சமையக்கட்டுச் சாவியக் குடுத்துருங்க."

"நீ சொல்லலையா அவங்ககிட்ட? நீயும் அங்கதான இருந்த?"

"இருந்தேன்க்கா. கதண்டு வந்துச்சு, இல்லைங்கல." இளமதி தரையைப் பார்த்தாள். "ஆனா வீடியோவ நானே அஞ்சாறு வாட்டி பாத்துட்டேன். நீங்க முன்னாடியே முடிவு பண்ணி எந்திரிச்ச மாதிரிதான் இருக்கு. கதண்டு ஒரு சாக்கோன்னு எனக்கே தோணுதுக்கா. நீங்களே வேற ஒத்துக்கிட்டுப் பேசியிருக்கீங்க."

செவந்தி அவளையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை. பயந்து பொய் சொல்கிற முகமாகவும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறாள். இளமதியின் கழுத்தில் காதுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிக் கிடந்தது. மேலே பூசிய சுண்ணாம்பு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். கையை உடனே விட்டுவிடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ இளமதி. ஒன் கழுத்துல இப்பிடி வீங்கியிருக்கே, அது என்ன, வசந்தா வந்து கொட்டிட்டுப் போனான்?"

இளமதியின் கை கழுத்துக்குப் போனது. தொட்டதும் முகம் சுளித்தாள். முந்தானையை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டு, சாவியோடு அடுப்படியை விட்டு வெளியே போனாள்.