கலப்பைக் கிழவர் ஏன் பேசவில்லை

என் பழைய நாவலின் புதிய பதிப்பு வந்து நான்கு மாதம் ஆகிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. கலப்பைக் கிழவரின் சபைப் பேச்சை ஏன் எடுத்துவிட்டீர்கள்? சிலர் மரியாதையாகக் கேட்கிறார்கள். சிலர் திட்டுகிறார்கள். ஒருவர் புத்தகத்தையே பார்சலில் திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே ஒரு சீட்டு: எங்கள் கிழவரை நீங்களே கொன்றுவிட்டீர்கள்.

படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு மாயாஜாலக் கதை. முதலில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஆற்றுக்கு அடியில் ஒரு நாடு. அங்கே ஒரு கிழவர் காலம் காலமாக ஒரு வயலை உழுகிறார். மந்திரம் தெரிந்த அரசன் அந்த வயல் தன்னுடையது என்று சபையில் சொல்கிறான். இந்த மண்ணை ஆண்டுதோறும் முதலில் உழுவது யார் என்று மந்திரி கேட்கிறார். கிழவர் நிமிர்ந்து, முதல் உழவுச் சால் மட்டும் அரசருடையது, மற்ற சால் எல்லாம் என்னுடையது, சந்தேகம் இருந்தால் மண்ணைக் கேளுங்கள் என்கிறார். மண் வாய் திறந்து கிழவரின் பெயரைச் சொல்கிறது. சிம்மாசனம் சேற்றில் இறங்கி மறைகிறது. வாசகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடிய இடம் அது.

புதிய பதிப்பில் கிழவர் "அரசர்தான்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நிற்கிறார். மண் பேசவில்லை. வயல் போய்விடுகிறது.

வயதான பாத்திரங்களைப் பற்றி வாசகர்கள் என்னை எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பத்திரிகையின் கேள்வி பதில் பக்கத்தில் மாதம் ஒரு முறை எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். உங்கள் கதையில் கிழவர்களுக்கு ஏன் மந்திரம் தெரிவதில்லை? கிழவிகள் எல்லாரும் ஏன் கோபக்காரிகள்? கலப்பைக் கிழவரை எங்கே பார்த்தீர்கள்? எல்லாவற்றுக்கும் கேலியாக ஏதாவது எழுதிவிடுவேன். கலப்பைக் கிழவர் கனவில் வந்தார் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் நான் எழுதியதில் பாதி பொய்.

போன மாதம் பாபநாசத்தில் ஒரு வாசகர் கூட்டம். வழக்கம்போல அதே கேள்வி வந்தது. நான் யதார்த்தம், வயது தந்த பக்குவம் என்று என்னென்னவோ உளறினேன். பின் வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள்.

"சார், தண்ணிக்கு அடியில ஒரு நாடு இருக்குன்னு சொன்னீங்க, நம்புனோம். மண்ணு பேசும்னீங்க, அதையும் நம்புனோம். ஒரு வயசானவரு எழுந்து நாலு வார்த்தை பேசுனா அதை மட்டும் நம்ப மாட்டமா?"

கூட்டம் சிரித்தது. நேரமாகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி இறங்கிவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா குத்தகைக்காரர். குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கடைசியில் மூன்று ஏக்கர். நிலம் மிராசுதாருடையது. அப்பாவுக்கு முன்னால் அவருடைய அப்பா அதில் பயிரிட்டார். குறுவை, தாளடி என்று வருஷத்தின் இரண்டு போகமும் எங்கள் வீட்டு ஆட்களின் முதுகில்தான் விளைந்தன. எழுத்தில் எதுவும் கிடையாது. நெல்லை வண்டியில் ஏற்றி மிராசுதார் வீட்டுக் களஞ்சியத்தில் கொட்டிவிட்டு வருவோம். ரசீது கேட்பது அவரைச் சந்தேகப்படுவது மாதிரி என்று அப்பா நினைத்தார்.

ஆட்சி மாறியிருந்த காலம். ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் உழுபவனுக்கே நிலம் என்று எழுதியிருந்தது. கிழக்கே செங்கொடிக்காரர்கள் வயல் வயலாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அடுத்த போகத்துக்கு வயலில் கால் வைக்க முடியாது. மிராசுதார்கள் முட்டாள்கள் இல்லை. எங்கள் மிராசுதார் ஒரே மாதத்தில் தோள் துண்டின் கரையை மாற்றிக்கொண்டு ஆளும் கட்சியில் சேர்ந்தார். சுவரில் இருந்ததை அவரும் படித்திருந்தார். உழுபவனுக்கு நிலம் என்றால், தானே உழுவதாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. எங்கள் மூன்று ஏக்கர் தன்னுடைய சொந்தச் சாகுபடி என்று மனு கொடுத்தார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சித்திரை மாதம் நல்ல நாள் பார்த்து ஏர் பூட்டுவோம். நல்லேர் என்று பெயர். அன்றைக்கு நிலத்துக்குச் சொந்தக்காரர்தான் முதலில் ஏர் பிடிக்க வேண்டும். அப்பா மாட்டுக்குப் பொட்டு வைத்து, கலப்பையில் பூச்சுற்றி, வரப்பில் காத்திருப்பார். மிராசுதார் வெள்ளை வேட்டியை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். வலது கையைக் கலப்பையின் மேழிப் பிடியில் வைப்பார். மாட்டை ஓட்டுவது அப்பா, ஏரை அழுத்துவது அப்பா. இரண்டு சுற்று. பிறகு கற்பூரம் காட்டி, வெல்லம் கலந்த பச்சரிசியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். மிராசுதார் காலில் ஒட்டிய மண்ணை அப்பா செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். அவர் போய்விடுவார். அடுத்த சித்திரையில்தான் அந்த வயலில் மறுபடி அவர் கால் படும். மொத்தமே கால் மணி நேரம்.

பதிவு விசாரணைக்கு அதிகாரி எங்கள் ஊருக்கே வந்தார். சாவடிக் கூரை விழுந்துகிடந்ததால் பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டிருந்தார்கள். மிராசுதார் நாற்காலியில். அப்பா தூண் ஓரம், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. மிராசுதாரின் வக்கீல் நல்ல மனிதர் போலப் பேசினார், அப்பாவைப் பெரியவரே என்று கூப்பிட்டார். எங்கள் தெருவில் எவரையும் எவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"பெரியவரே, ஒரே ஒரு கேள்விதான். வருஷா வருஷம் இந்த வயல்ல மொதல் ஏர் பிடிக்கிறது யாரு?"

"ஐயாதாங்க. ஐயா கை படாம நாங்க ஏரை எறக்க மாட்டோம்."

"மொதல் வெதை?"

"அதுவும் ஐயா கையாலதாங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். வக்கீல் போதும் என்று உட்கார்ந்தார். அப்பாவின் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. கேட்ட கேள்விக்குத் தடுமாறாமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்ட நிறைவு. வழக்கத்தைக் குறைவில்லாமல் நடத்திவருகிறோம் என்கிற பெருமையும் அதில் இருந்தது. வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். அப்பா கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார்.

பெயர் ஏறவில்லை. அறுவடை முடிந்ததும் வயலில் டிராக்டர் இறங்கியது. செங்கொடிக்காரர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, நீங்க வயல்ல இறங்குங்க, நாங்க பின்னால நிக்கிறோம் என்றார்கள். அதிகாரியிடம் தானே சொல்லிவிட்டதாகவும், சொன்னதை மாற்றினால் பொய்யனாகிவிடுவேன் என்றும் சொல்லி அப்பா அவர்களை அனுப்பிவிட்டார். பிறகு அதே வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்தார். சித்திரை வந்தது. நல்லேருக்கு டிராக்டர் ஆகாது, மாடுதான் வேண்டும் என்று மிராசுதார் ஆள் அனுப்பினார். அப்பா போனார். பொட்டு வைத்தார், பூச்சுற்றினார், காலைக் கழுவிவிட்டு வந்தார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டார்.

சில வருஷம் கழித்து அந்தத் தொடரை எழுதினேன். எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு மண்ணைப் பேசவைக்காமல் விட முடியவில்லை. அப்பா அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைக் கிழவரின் வாயில் வைத்தேன். பத்திரிகை அலுவலகத்திலிருந்து கடிதங்களைச் சாக்கில் கட்டி அனுப்பினார்கள். கிழவருக்குக் கல்யாணம் செய்துவைக்கச் சொல்லிக்கூட ஒரு கடிதம் இருந்தது.

எங்கள் ஊரில் கட்சிப் படிப்பகம் ஒன்று உண்டு. மாலையில் சைக்கிள் கடைக்காரர் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். என் தொடர் வரும் நாளில் அப்பா முன்னாலேயே போய் இடம் பிடித்துவிடுவார். மகன் எழுதியது என்று யாரிடமும் சொல்லமாட்டார், எல்லாருக்கும் தெரியும். அந்தச் சபைக் காட்சி வந்த வாரமும் போனார். படித்து முடித்ததும் கைதட்டினார்களாம். அண்ணே, உங்களுக்குப் பதிலா உங்க மகனே பதில் சொல்லிட்டாரு என்று சைக்கிள் கடைக்காரர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மறுநாள் என்னிடமும் அதைப் பெருமையாகச் சொன்னார்.

அப்பா வீட்டுக்கு வந்தபோது நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கால் கழுவினார்.

"ஒன் கதை படிச்சாங்க."

கேட்டீங்களா என்றேன்.

"கேட்டேன். அந்தக் கெழவன் நல்லாப் பேசுறான்." துண்டால் காலைத் துடைத்தார். "எனக்குத் தெரியல தம்பி. வழக்கத்தைக் கேக்குறாங்கன்னுதான் நெனச்சேன். ஒனக்குத் தெரிஞ்சிருக்கே. நீ பக்கத்துலதானே நின்ன?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் அடுத்த தாளைத் திருத்த எடுத்தேன். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஆமாம். மேலே விசாரணையைச் சொன்னபோது இதை விட்டுவிட்டேன். இத்தனை வருஷமும் இதை விட்டுவிட்டுத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடம் மிராசுதார் நிர்வாகம். அதில் நான் வாத்தியார். சேர்ந்து ஆறு மாதம், வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அதிகாரி உட்கார்ந்திருந்தது என்னுடைய மேசையில். நான் அப்பாவுக்கு இடது பக்கம் நின்றேன். வக்கீல் முதல் ஏரைப் பற்றிக் கேட்டவுடனேயே எங்கே கொண்டுபோகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அது நல்லேர் சார், சடங்கு, கால் மணி நேரம், மற்ற நாளெல்லாம் உழுவது என் அப்பா என்று சொன்னால் போதும். வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்கவும் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அப்போது மிராசுதார் சிரித்த முகமாகச் சொன்னார்:

"அவரு நம்ம வாத்தியார்தான் சார். நல்ல பையன்."

நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அடுத்த மாதம் வேலை நிரந்தரம் ஆனது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். அந்த மேசையில் உட்கார்ந்துதான் கலப்பைக் கிழவரை எழுதினேன்.

அப்பா அதற்குப் பிறகு படிப்பகத்துக்குப் போகவில்லை. அங்கே புகை அதிகம், இருமல் வருகிறது என்றார். இரண்டு தாளடி கழித்து இறந்தார். தூக்கிக்கொண்டு போனது அந்த வயல் வரப்பு வழியாகத்தான், சுடுகாட்டுக்கு வேறு வழி இல்லை. நாவல் பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. பேசத் தெரியாத மக்களுக்குக் குரல் கொடுத்தவர் என்று எனக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். யாருக்கும் நான் குரல் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஆபத்தில்லாத இடத்தில் உட்கார்ந்து ஒரு கிழவரைக் கத்தவைத்தேன். ஊர் கூட்டி என் அப்பாவின் பதிலைத் திருத்தி மதிப்பெண் போட்டேன். அதற்குத்தான் நீங்கள் கைதட்டினீர்கள்.

புதிய பதிப்புக்கு மெய்ப்பு வந்தபோது அந்த இடத்தை அடித்தேன். பதிப்பாளர் போனில் சண்டை போட்டார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் சார் புத்தகமே விக்கிது என்றார். அப்படியானால் விற்காமல் போகட்டும் என்றேன்.

கிழவர் தோற்றுப்போனார், மௌனமாகிவிட்டார் என்று எழுதுகிறீர்கள். சரியாகப் படியுங்கள். கேட்டதற்கு அவர் உண்மையைச் சொல்கிறார். அந்தச் சபையில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். அவரை வைத்து மறுபடி என்னால் பொய் சொல்ல முடியாது.

அடித்த இடத்தில் நான்கு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறேன். கிழவருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் நிற்கிறான். ஓலை படிக்கத் தெரிந்தவன். அரசன் அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். அவன் தரையைப் பார்க்கிறான். பழைய பதிப்பில் அவன் இல்லை. நான்கு மாதமாக இத்தனை கடிதம் வந்திருக்கிறது, அவன் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பாபநாசத்துப் பெண்ணின் முகவரியைக் கூட்டம் நடத்தியவர்களிடம் வாங்கி, நேற்று ஓர் அஞ்சலட்டை போட்டேன். நான்கு வார்த்தைக்கு மேல் எழுதவில்லை. கிழவருக்கு இடப்பக்கம் நிற்பவனைக் கேளுங்கள்.