கார் ஷெட்டில் கச்சேரி வைத்த பத்மாசனி மாமி

செவ்வாய்க்கிழமை காலை மேற்கு மாம்பலத்தில் எங்கள் கீழ்வீட்டுக்குப் போன் வந்தது. மாமியின் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் செல்வி பேசினாள். "மாமி பூட்டாங்கண்ணா. காபி குடிச்சிட்டு வயலினுக்குச் சுருதி சேத்துக்கினு இருந்தாங்க. அப்டியே சாஞ்சிட்டாங்க." அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை மறைப்பானேன்? போன வருடம் மயங்கி விழுந்ததிலிருந்து மாமிக்கு ஒரே பயம்தான். "படுத்த படுக்கையா கெடந்து எல்லாரையும் படுத்தப்படாது, பாஸ்கர்" என்பார். அப்படி நடக்கவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்து ஷெட்டுக்கு வந்துபோனவர்களுக்கு வயலின் பத்மாசனியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கணவர் காலமான பிறகு காரை விற்றுவிட்டு, ஷெட்டுக்கு வெள்ளையடித்து ஜமக்காளம் விரித்தார். சபாக்களில் மேடை கிடைக்காதவர்கள் ஞாயிறு மாலைகளில் அங்கே பாடலாம், வாசிக்கலாம். கல்யாண வரவேற்புகளில் தபலா வாசித்துக்கொண்டிருந்த நான், மைக் செட் பார்த்துக்கொள்ளப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

செல்வியின் கணவர் ஏழுமலை நொச்சிக்குப்பத்துக்காரர். கடலுக்குப் போவார், சாவு வீடுகளில் கானா பாடுவார். அப்படி ஒரு வீட்டு வாசலில் அவர் பாடுவதைக் கேட்டு நின்ற மாமி, நேரே போய் ஷெட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

அவர் பாட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கடல் சீறத் தொடங்கியது. விடியலில் போன படகு திரும்பவில்லை. ஷெட்டில் உட்கார இடமில்லை. வந்திருந்த ஒருவர், வேறு யாரையாவது பாடச் சொல்லலாமே என்றார்.

"ஏழுமலை கடல்ல இருக்கார். அவர் எடத்துல இன்னொருத்தரை உக்கார வெக்கச் சொல்றேளா?"

மாமி குரலை உயர்த்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாங்கள் சிலர் பின்னால் போனோம்.

கரையில் செல்வி நின்றிருந்தாள்.  மாமி அவள் கையைப் பிடித்து மணலில் உட்கார வைத்து, பட்டுப்புடவையோடு தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு படகு இன்னொரு படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இழுபட்டு வந்ததில் ஏழுமலை இருந்தார்.

"இன்ஜின் நின்னுபோச்சு" என்று செல்வியிடம் சொன்னவர், மாமியைப் பார்த்ததும் தயங்கினார். "கச்சேரி இன்னா ஆச்சு மாமி?"

"நீங்க இல்லாம என்ன கச்சேரி? இவ காலம்பறலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்கோ. அடுத்த வாரம் பாடிக்கலாம்."

சொல்லிவிட்டு, எழுந்திருக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாமி அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு ஏழுமலை பாட, மாமி வயலின் வாசித்தார். கானாவுக்குப் போய் வயலினா என்று மயிலாப்பூரில் சிலர் முணுமுணுத்தார்கள். "வந்து கேட்டுட்டுப் பேசச் சொல்லு அவாளை" என்றார் மாமி. ஷெட்டின் பொறுப்பு செல்வியிடம் வந்ததும் அதற்குப் பிறகுதான்.

காரியங்கள் முடிந்த அன்று, பம்பாயிலிருந்து வந்திருந்த மாமியின் மகன் ஸ்ரீதரிடம் செல்வி ஷெட் சாவியை நீட்டினாள். அந்தத் தெருவில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக ஃபிளாட்டாகிக்கொண்டிருந்தன. எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள் அதே கவலை. அவர் சாவியை வாங்கவில்லை.

"வீட்டை இடிக்கப் போறதில்லை. அம்மா எங்கிட்ட எப்பவோ வாக்கு வாங்கிண்டுட்டா. ஷெட்டை நீங்களே பாத்துக்கோங்கோ. கச்சேரி நிக்க வேண்டாம்."

செல்வி என்னைப் பார்த்தாள்.  அப்போதுதான் என்னால் மாமிக்காக நன்றாக அழ முடிந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. தி.நகரில் ஒரு கல்யாண வரவேற்பில், எல்லோரும் பந்திக்குப் போய்விட, காலி நாற்காலிகளைப் பார்த்து நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம். விருந்துக்கு வந்திருந்த மாமி, ஒரு நாற்காலியை மேடைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசிப் பாட்டுவரை தலையசைத்துக் கேட்டார்.

போன ஞாயிறு நல்ல மழை. ஷெட்டில் புதிதாக ஒரு பெண் வீணை வாசித்தாள். கேட்க வந்தவர்கள் நாலைந்து பேர். நான் மைக்கைச் சரிசெய்துவிட்டு, அவளுக்கு நேர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.