சுகுமாரன் சார் யாரையும் காட்டிக் கொடுக்கல்ல

சுகுமாரன் சார் போயிட்டாரு.

முந்தா நாள் வெள்ளறடையில பஸ்ஸுக்கு நிக்கும்போ நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரல்ல. வாட்ஸ்அப்ல போட்டோ பாத்ததும் தையல் மெஷின்ல இருந்த காலு அப்படியே நின்னு போச்சு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்க பனச்சமூட்டுக்கு அஞ்சு வருஷம் பீட் போலீஸா இருந்தவரு. வீடு வீடா ஏறி ஆளுகளப் பாத்துப் பேசுறதுதான் அவருக்க டியூட்டி. போன வருஷம் ரிட்டயர் ஆனாரு.

மொதல் தடவ வந்தப்போ நான் கதவே திறக்கல்ல. யூனிஃபார்ம் போட்ட ஆளு கேட்டுல நின்னா எவ திறப்பா? ஜன்னல் வழியா "என்ன கேஸு சாரே?"ன்னேன்.

"கேஸொண்ணும் இல்ல பிள்ளே. வெயிலு தாங்கல்ல. கஞ்சித்தண்ணி உண்டா?"

உப்புப் போட்டுக் குடுத்தேன். நின்னுட்டே குடிச்சாரு. மகள் எந்த பஸ்ஸில வாறா, வீட்டுக்காரரு கல்ஃபில இருந்து எப்போ வருவாரு, நாய் கடிக்குமா... இவ்வளவுதான் கேள்வி. அடுத்த மாசம் வந்தப்போ நாய்க்க பேரு வரைக்கும் ஞாபகம் வச்சிருந்தாரு மனுஷன்.

பைய பைய எல்லா வீட்டுக் கேட்டும் திறந்துது. ஒரு நாள் மகள் பஸ்ஸ விட்டுட்டா. நான் போன் பண்ணினது எனக்க தம்பிக்கு இல்ல, சாருக்கு.

அப்புறம்தான் அந்தக் கஞ்சா விஷயம்.

மார்க்கெட்டுக்குப் பின்னால ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கைமாறுறது எனக்க தையல் கடையில இருந்தா நல்லாத் தெரியும். ரோட்டத் தாண்டினா தமிழ்நாடு. இந்தப் பக்கம் போலீஸ் வந்தா அங்க போயிருவானுவ, அங்க வந்தா இஞ்ச.

அதனால இங்க யாரு புகார் எழுதினாலும் ரெண்டு ஜெராக்ஸ் எடுப்போம். இந்த ஸ்டேட்டுக்கு ஒண்ணு, அந்த ஸ்டேட்டுக்கு ஒண்ணு. ஒரிஜினல் நம்ம கையில. போலீஸுகிட்ட ஒரிஜினலக் குடுக்காதேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் புகார் எழுதி, ஒரிஜினலக் குடுக்கல்ல. பெரிய புத்திசாலி.

சாரு ஜெராக்ஸ வாங்கி மடிச்சு பாக்கெட்டுல வச்சாரு. "உனக்க பேரு வெளிய வராது பிள்ளே. எனக்க வாக்காக்கும்"னாரு.

மூணாம் நாள் காலையில கடையத் திறந்தா... ஸ்கூல் திறக்கப் போகுதுன்னு தைச்சு அடுக்கி வச்ச வெள்ளைச் சட்டை மொத்தத்திலயும் வண்டியில இருந்து எடுக்குற கரி ஓயில். ஷட்டருக்கு அடியில எனக்க பேரு எழுதின ஒரு துண்டுப் பேப்பர்.

தமிழ்நாட்டுப் போலீஸுக்குன்னு எடுத்த ஜெராக்ஸ் இன்னும் எனக்க பையிலதான் கிடக்குது. சாரு ஒருத்தருதான் புகாரப் படிச்சது. அப்போ வேற யாரு?

சாரு மாசாமாசம் வார்டுல ஆளுகளக் கூட்டுற மீட்டிங்க்ல எல்லாரு முன்னாலயும் எழும்பிக் கத்தினேன். "எனக்க பேர நீருதான் வித்தீரு. இனி இந்த வார்டுல எவளாவது உம்மகிட்ட வாயத் திறந்தா அவளுக்குப் புத்தி இல்லன்னு அர்த்தம்"னு...

நாலஞ்சு பேரு கை தட்டினாங்க. எனக்கு அது பெருமையா இருந்துது. சீ.

அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "எனக்க கிட்ட இருந்து போகல்ல பிள்ளே."

அடுத்த மாசம் மீட்டிங்குக்கு ஒரு ஆளும் போகல்ல. கேட்டெல்லாம் பழையபடி பூட்டியாச்சு. ஆனாலும் அவரு ரிட்டயர் ஆகுற வரைக்கும் மாசம் தவறாம வந்தாரு. பைக் சத்தம் கேட்டா நான் மெஷின வேகமா மிதிப்பேன். கொஞ்ச நேரம் கடை வாசல்ல நிப்பாரு... அப்புறம் போயிருவாரு.

போன மாசம் ஷைனி பிளவுஸ் தைக்கக் குடுக்க வந்தா. முன்னால ஜெராக்ஸ் கடையில வேலைக்கு நின்னவ, கல்யாணம் கழிஞ்சு அம்பூரியில இருக்கா.

"அக்கா, கோவப்படாதீங்க. அன்னைக்கு நீங்க ஜெராக்ஸ் ரெண்டையும் எடுத்திட்டு ஒரிஜினல மெஷினுக்குள்ளயே விட்டுட்டுப் போயிட்டீங்க. அடுத்தாப்புல ஆதார் காப்பி எடுக்க வந்தவன் அதப் படிச்சுப் பாத்து பாக்கெட்டுல போட்டான். அந்தக் கஞ்சாக்காரனுவள்ல ஒருத்தன். நான் பயந்து சொல்லல்ல."

பையில அந்த ஒரு ஜெராக்ஸ் இருந்துது. அது போதும்னு ஒரிஜினல நான் தேடவே இல்ல மக்கா. ஒரு தடவ கூட.

அதுக்கப்புறம் சார வெள்ளறடை மார்க்கெட்டுல பாத்தேன். மரச்சீனிக் கிழங்கு வாங்கிட்டு நின்னாரு. என்னப் பாத்துச் சிரிச்சாரு. நான் போன எடுத்துக் காதுல வச்சிட்டு நடந்துட்டேன். ஞாயித்துக்கிழம வீட்டுக்கே போய்ச் சொல்லிரலாம்னு நினைச்சேன். ரெண்டு ஞாயிறு போச்சு.

நேத்து சாருக்க வீட்டுக்குப் போனேன். ஸ்டேஷன்ல இருந்து வச்ச ஒரு பூ ரீத்து இருந்துது. எங்க வார்டுல இருந்து நான் ஒருத்திதான்.

அவருக்க பெண்டாட்டி எனக்க கையப் பிடிச்சு எங்க இருந்து வாறேன்னு கேட்டாங்க. பனச்சமூடுன்னேன். "அங்க இருந்து ஆரும் வரமாட்டாங்கன்னு நினைச்சேன். அங்கத்த பேச்சு வந்தா மட்டும் அவரு வாய் மிண்டாம இருந்திருவாரு"ன்னாங்க.

அங்கயும் சொல்லாம வந்துட்டேன்.

அதான் இங்க எழுதுறேன். அன்னைக்குக் கை தட்டினவங்க இதப் படிப்பீங்க. பேர வெளிய விட்டது அவரு இல்ல. நான்.

நம்புவீங்களான்னு தெரியல்ல. போலீஸ் மேல குத்தம் சொன்னா ஒரு நிமிஷத்துல நம்புற ஊரு இது.

போன வாரம் புது பீட் போலீஸ் வந்தாங்க. சின்னப் பொண்ணு, நல்ல மரியாதை. "இங்க ஏதாவது பிரச்சினை உண்டா சேச்சி?"ன்னு கேட்டா. கடைக்கு நேரா, மார்க்கெட்டுக்குப் பின்னால அதே இடத்துல அதே ஆளுக நிக்கானுவ.

"ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். கஞ்சித்தண்ணி வேணுமான்னு கூட கேக்கல்ல.

போயிட்டு வாங்க சாரே... உங்க வாக்கு உங்க கிட்டதான் இருந்துது.