இரண்டரை மணிக்கு அணையும் விலைப் பலகை

கப்பித்தான் பள்ளிவாசலுக்கு அருகே ஹமீதா நடத்தும் நாணயமாற்றுக் கடை, நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் அவர். தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் விலைப் பலகை. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டி விகிதத்தை அறிவிக்கும் நாள்களில் இரண்டரை மணிக்கே அதை அணைத்துவிடுவார். மூன்று மணிக்கு அறிவிப்பு வந்து, சந்தை விலை நிலைத்த பிறகுதான் மறுபடி எரியும்.

“அக்காவுக்கு இடுப்பு வலி எடுத்தாச்சு,” என்பார் பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடை சாதிக். “ஆணா பொண்ணா, மூணு மணிக்குத் தெரிஞ்சிரும் லா.”

“ஒன்னும் பொறக்காது, போய்க் குழம்பைக் கிண்டு,” என்பார் ஹமீதா.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. நேற்றைய விலையைக் கேட்டால் சொல்வார். நாளைய விலையைக் கேட்டால் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்.

அந்தத் தண்ணீரை அதிகம் குடித்தவர் சுங்கை பினாங் சுப்பையா. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ஷர்மினி, ஊருக்கு வரும்போதெல்லாம் தம்பி தனேஷின் கல்யாணத்துக்கென்று அப்பா கையில் டாலர் நோட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போவாள். சுப்பையா அவற்றை மைலோ டின்னில் போட்டு வைத்தார். 2024 தொடக்கத்தில் ஒரு டாலர் மூன்று மலேசிய வெள்ளி ஐம்பத்தைந்து காசைத் தாண்டியது. அறுபது வரட்டும் என்று காத்திருந்தார். அறுபது வரவில்லை. ஆகஸ்டில் சரசரவென்று இறங்கியது.

செப்டம்பரில் ஓர் அறிவிப்பு நாள். பலகை அணைந்த சற்று நேரத்தில் சுப்பையா டின்னோடு வந்து நின்றார். மறுநாள் மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டவேண்டும். மகளிடம் மேலும் கேட்க மனமில்லை.

“மூணு மணிக்குள்ள மாத்திக் கொடு தங்கச்சி. பேங்க் நெகாரா என் டாலரை இன்னும் கீழ தள்ளிடும்.”

“உக்காருங்கண்ணே. உங்க டாலரை அவங்க தள்ளல. அவங்க வட்டி மூணு. ஒரு வருஷத்துக்கு மேல அசையவே இல்ல.”

“பின்ன நம்ம வெள்ளி எப்படி ஏறுது?”

“அமெரிக்காவுல வட்டி அஞ்சுக்கு மேல. பெரிய முதலாளி காசெல்லாம் அங்க போய் உக்காந்திருந்துச்சு. இப்ப அவங்க குறைக்கப் போறாங்கன்னு பேச்சு. காசு இந்தப் பக்கம் திரும்புது. எல்லாரும் வெள்ளி வாங்கினா வெள்ளி ஏறும்தானே?”

சுப்பையா யோசித்தார். “அப்ப நம்மாளும் குறைச்சா? வெள்ளி இறங்கும், என் டாலருக்கு விலை கிடைக்கும். தனேஷ் வீட்டுக் கடன் தவணையும் குறையும்.”

“குறையும். பருப்பும் வெங்காயமும் வெளிநாட்டுல இருந்து வருது, அது ஏறும். ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு யார் போடுறா?”

“நான்தான்.”

“அவங்க மூணு கோடிப் பேருக்குக் கணக்குப் பாக்கணும், அண்ணே.”

“அதுல என் டின்னும் இருக்குல்ல?” என்றார் சுப்பையா. ஹமீதா சிரித்துவிட்டு, அவருக்குத் தேநீர் வரவழைத்தார்.

மூன்று மணிக்கு அறிவிப்பு வந்தது: மாற்றமில்லை. பலகை எரிந்தது. டாலர் மூன்று வெள்ளி முப்பத்திரண்டு காசு.

சுப்பையா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹமீதா விரலால் கீழ்வரியைக் காட்டினார். அது இந்திய ரூபாய். “கல்யாணப் பட்டு சென்னையிலதானே எடுக்குறீங்க? நம்ம வெள்ளிக்கு இப்ப ரூபாய் கூட வரும்.”

“அப்ப போனது திரும்பிடுச்சா?”

வேறொருவர் ஆமாம் என்று சொல்லியிருப்பார். ஹமீதா கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். “மூணுல ஒரு பங்கு திரும்புது. மிச்சம் போனது போனதுதான்.”

“மிச்சம் ஏறக்குறைய கல்யாணப் பாட்டுக்கு வச்சிருந்த லைவ் பேண்டு காசு,” என்றார் சுப்பையா மெதுவாக. பிறகு டின்னைக் கவிழ்த்தார். ஒரே ஒரு ஐம்பது டாலர் நோட்டை மட்டும் திரும்ப எடுத்து உள்ளே போட்டார்.

“அது எதுக்கு?”

“அறுபதுக்கு.”

கல்யாணத்தில் பேண்டு இல்லை. ஒலிபெருக்கியில் பாட்டு சன்னமாக ஓடியது. விருந்தினர்கள் கத்தாமல் பேசிக்கொண்டார்கள். மணமேடையில் ஹமீதாவைக் கண்டதும், படத்துக்கு நிற்பதை விட்டுவிட்டு சுப்பையா அவர் பக்கம் குனிந்தார்.

“தங்கச்சி, அறுபது வருமா?”

ஹமீதா பக்கத்து மேசையிலிருந்து ஒரு தண்ணீர் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.