முன்பக்கமா, பின்பக்கமா?

என் வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணமான புதிதில் மத்தியானச் சாப்பாட்டோடு கீரனூர் பஸ் ஸ்டாண்டில் காத்து நிற்பேன். பஸ் வந்து நிற்கும் முன்பே "கீரனூரு எறங்கு, கீரனூரு" என்று அவர் குரல் வந்துவிடும். என்ன குரல் அது! நினைத்தால் இப்போதும் வெட்கம் வருகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் விரல்களுக்கு டிக்கெட் கிழிக்க வரவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். நடை தள்ளாடியது. குடித்திருக்கிறார் என்று ஊர் பேசியது. திருச்சியில் ஸ்கேன் எடுத்ததில், கழுத்தில் இரண்டு இடத்தில் ஜவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்குகிறது என்றார்கள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "முன்பக்கமாத் திறந்தா அந்த ஜவ்வையே எடுத்துடலாம். கொஞ்ச நாள் தொண்டை கம்மும். அபூர்வமா குரல் பழையபடி வராமலும் போகலாம். பின்பக்கமாப் பண்ணா குரலுக்குப் பயமில்ல. ஆனா ஜவ்வு அப்படியேதான் இருக்கும், கழுத்துவலி போகாமலே தங்கிடலாம், சிலருக்குத் தோளைத் தூக்க வராது. ரெண்டுல எதை வேணாலும் பண்ணலாம். இவருக்கு முன்பக்கம் நல்லதுன்னு எனக்குப் படுது."

"கொரலு போச்சுன்னா நான் என்னத்துக்கு ஆவேன்? பின்னாடியே பண்ணச் சொல்லு" என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். எனக்கோ டாக்டர் சொன்னதே மனதில் நின்றது. கடைசியில் சாமியிடம் பூக் கேட்பதாக முடிவானது.

குலதெய்வத்தின் முன் இரண்டு பொட்டலம். சிவப்பு அரளி வந்தால் முன்பக்கம், வெள்ளை வந்தால் பின்பக்கம். மடித்தது நான். இரண்டிலும் சிவப்பையே வைத்தேன். அவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார், சிவப்பைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு விரல்கள் மெல்ல மெல்லத் திரும்பின. குரல் திரும்பவில்லை. மாதக்கணக்கில் காற்றுதான் வந்தது. ஒரு நாள் காலையில் அவர் தானே பொத்தான் போடுவதைப் பார்த்ததும் உடைந்துவிட்டேன்.

"ரெண்டுலயும் செவப்புதாங்க வச்சேன்."

"தெரியும்" என்றார், கம்மிய தொண்டையில். "நீ கோயிலச் சுத்தப் போனப்ப மத்ததையும் பிரிச்சுப் பாத்தேன்."

"பின்ன ஏங்க ஒத்துக்கிட்டீங்க?"

"திருநீறு பூசாம வாசப்படி தாண்டாதவ நீ. சாமிகிட்டயே பொய் சொல்ற அளவுக்குப் பயந்திருக்க. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

மறுபடி அதே பஸ்ஸில்தான் போகிறார். ஊர் பேரைக் கூவுவதில்லை, விசில்தான். ஆனால் நான் சாப்பாட்டோடு நிற்கும் நாட்களில், படியிலிருந்து இறங்கி என் காதருகில் வந்து, "கீரனூரு எறங்கு" என்பார். அது எனக்கு மட்டும்தான் கேட்கும்.