கடவுள் முதலில் ‘நல்லதல்ல’ என்றது

“ஸ்டெல்லா டீச்சர், நம்ம ஜெயமணி டீச்சர் போயிட்டாவ. கொஞ்சம் வந்துட்டுப் போறீயளா?”

அருள்புரத்தில் பேருந்துக்காக நின்றிருந்தபோது சாமுவேல் அண்ணன் கைப்பேசியில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். மனைவியை அவர் கடைசிவரை ‘டீச்சர்’ என்றுதான் அழைத்தார். காலையில் காப்பி குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஜெயமணி டீச்சர். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்று, போயும் விட்டது. நான் அங்கேயே நின்றிருந்தேன்.

நம் சபையில் அவரை அறியாதவர்கள் குறைவு. அவரைப் பற்றிப் பேசாதவர்கள் அதைவிடக் குறைவு. பேசப்பட்டதில் பாதி சரியில்லை. பள்ளியில் இருபது வருடத்துக்கும் மேலாகப் பக்கத்து வகுப்பறையில் பாடம் நடத்தியவள் என்கிற உரிமையில், நான் பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

தாராபுரம் பக்கத்துக்காரர். அறிவியல் ஆசிரியை. நடுவயதிலேயே கணவரை இழந்தார். மகன் ஜான்சன் படித்து கோயமுத்தூரில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் தனியாள். பணி ஓய்வு பெற்றதும் மண்ணரையில் ஆலயத்துக்குப் பின்னாலுள்ள கூடத்தில் ஞாயிறுதோறும் வேதபாட வகுப்பு எடுக்கத் தொடங்கினார். நானும் போவேன்; வந்தவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை விட்டு அந்த வகுப்பு நகரவே இல்லை என்று சிலர் கேலி செய்வார்கள். அது ஓரளவு உண்மைதான்.

அறிவியல் டீச்சர் ஆயிற்றே, ஆறு நாளில் உலகம் எப்படி உண்டாகும் என்று முதல் வாரமே ஒருவர் மடக்கப் பார்த்தார். டீச்சர் அசரவில்லை. “எப்படிச் செஞ்சாருன்னு பக்கத்துல நின்னு நான் பாக்கலீங்க. செஞ்சதப் பாத்து என்ன சொன்னாருன்னு எழுதியிருக்குது. அதைப் படிக்கலாமுங்க” என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, இந்த வாரம் எதைப் பார்த்து ‘நல்லாயிருக்கு’ என்று சொன்னீர்கள் என்று கேட்டார். எல்லோரும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்கள். கம்பெனியில் காலை முதல் மாலை வரை ‘இது சரியில்லை, அது சரியில்லை’ என்று கேட்டுப் பழகியவர்கள். கடைசியில் ஒரு பெண், தன் விடுதிக் குழாயில் இந்த வாரம் தண்ணீர் நிற்காமல் வந்தது என்றாள். சிரிப்பு எழுந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. “மொத நாள்ல வெளிச்சம் மட்டுந்தானுங்க இருந்துச்சு. மரமில்ல, மீனில்ல, ஆளில்ல. வேலை முடியவே இல்லை. அப்பவே நல்லதுன்னாரு. முழுசா முடிஞ்சாத்தான் சொல்லுவேன்னு அவரு காத்திருக்கலீங்க” என்றார். அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அவர் நினைத்ததெல்லாம் நடந்துவிடவில்லை. நம் சபையிலேயே பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் அவசர நாட்களில் ஞாயிறும் ஆட்களை வரச்சொல்வார். டீச்சர் அவரை ஆலய வாசலில் நிறுத்திப் பேசினார். “மனுசன் பொறந்த மறுநாளே லீவுங்க. ஒரு வேலையும் செய்யறதுக்கு முந்தியே லீவு. உழைச்சதுக்குக் கூலியா ஓய்வக் குடுக்கல. ஓய்வெடுத்துட்டுப் போயி உழைங்கன்னு சொன்னாருங்க.”

அவர் சிரித்துவிட்டு, “ஷிப்மெண்ட் கஷ்டம் கடவுளுக்குத் தெரியுமுங்களா டீச்சர்?” என்றார்.

“ஆறு நாள்ல ஒலகத்தையே முடிச்சுக் குடுத்தாருங்க. அவருக்குத் தெரியாத ஷிப்மெண்டா?”

சுற்றி நின்றவர்கள் ரசித்தோம். கம்பெனிக்காரரும் ரசித்தார். ஆனால் ஞாயிறு வேலை நிற்கவில்லை. டீச்சர்தான் காலை வகுப்பை மாலைக்கு மாற்றிக்கொண்டார், அந்தத் தொழிலாளர்களும் வரட்டும் என்று.

மாலை வகுப்பில்தான் சாமுவேல் அண்ணன் வந்து சேர்ந்தார். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து இங்கே துணிகளை இஸ்திரி போடும் வேலையில் இருந்தவர். மனைவி புற்றுநோயில் இறந்திருந்தார், மகள் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அவர் முதன்முதலில் வாய் திறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்று டீச்சர் கேட்டார்: “எல்லாத்தையும் நல்லது நல்லதுன்னே சொல்லிட்டு வந்த கடவுள், மொதமொதல்ல எதை நல்லதில்லைன்னாரு?”

பாம்பு என்றார் ஒருவர். பாவம் என்றார் இன்னொருவர்.

“இல்லீங்க. பாவமெல்லாம் அப்பறம் வருது. ஏதேன் தோட்டத்துல ஒரு கொறையும் இல்லாதப்பவே, மனுசன் தனியா இருக்கறது நல்லதில்லைன்னு சொன்னாரு.”

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. “அப்ப ஜெபம் பண்ணுனா பத்தாதா டீச்சர்? ஆண்டவர் கூட இருக்காரு, அது போதும்னுதானே எல்லாரும் சொல்லுதாவ?”

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். “ஆதாம் கடவுளோட இருந்தவன்தானுங்க. அப்பவும் போதாதுன்னு சொன்னது ஆதாம் இல்லீங்க, கடவுளேதான்.”

சாமுவேல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். துக்கத்தில் இருக்கிறவரிடம் ‘இயேசு போதும்’ என்று நாம் எத்தனை முறை சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறோம்! அந்த ஆறுதலில் எவ்வளவு சோம்பேறித்தனம் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

சில மாதங்கள் கழித்து டீச்சரும் நானும் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, “நானும் சாமுவேலும் கலியாணம் பண்ணிக்கலாமுன்னு இருக்கறமுங்க டீச்சர்” என்றார். டீச்சருக்கு அறுபது வயது. சாமுவேல் அண்ணன் வேறு ஊர், வேறு இனம், வேறு தொழில். எனக்கு அதிர்ச்சியைவிடக் கோபம்தான் வந்தது. காரணம் வேறு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகப்போவதும் இல்லை.

“அப்ப நானுங்க டீச்சர்? தனியா இருக்கறது நல்லதில்லைன்னா, நான் வாழ்ந்துட்டு இருக்கறது நல்லதில்லாத வாழ்க்கைங்களா?”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். 

“கலியாணம் பண்ணுனவங்க தனியா இல்லைன்னு யாருங்க சொன்னது? நான் மொதல்ல கலியாணமாகி வந்தப்ப, ஒரே ஊட்டுல ஒருத்தருக்கொருத்தர் பேசாம வருசக்கணக்கா இருந்திருக்கறனுங்க. அதுதான் தனிமை. கடவுள் கலியாணத்தப் பத்தி மட்டும் அதைச் சொன்னாருன்னு நான் நினைக்கலீங்க. ஒரு மனுசனுக்கு இன்னொரு மனுசன் வேணும். அது யாரா வேணா இருக்கலாம்.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஞாயித்துக்கெளம இனி நம்ம ஊட்டுலதான் சாப்பாடு. வாரா வாரம் கூப்பிடுவன்னு காத்திருக்கக்கூடாது. நீங்களா வரோணும்.”

அவர் சொன்னதற்கு முகதாட்சண்யத்துக்காகத் தலையாட்டினேன். அடுத்த ஞாயிறு போனபோது எனக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருந்தார். அதற்குப் பின் எத்தனையோ ஞாயிறுகள்.

ஜான்சன் கோயமுத்தூரிலிருந்து வந்து கத்தினான். “உங்களுக்கு என்னம்மா கொறை வெச்சேன்? நான் வெளிய தலை காட்டறதா வேண்டாமா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டான். அவன் போன பிறகு டீச்சர் அழுதார். அழுதுகொண்டே, “அவனுக்கும் வேதனைதானுங்களே” என்றார். மகன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை.

பிறகு சபைக் கமிட்டி கூடியது. பெண்கள் ஐக்கியச் செயலாளர் என்பதால் நானும் இருந்தேன். சபையின் நற்சாட்சி கெடும், வகுப்புக்கு வரும் இளம்பெண்களுக்கு என்ன முன்மாதிரி, என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். ‘இனம் வேறு’ என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோர் மனதிலும் அதுதான் இருந்தது. ஆயர் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் டீச்சரைப் பேசச் சொன்னார்கள்.

அவர் எழுந்து நின்றார். குரல் உயரவில்லை. “நான் பாவம் செஞ்சிருந்தா எதுன்னு சொல்லுங்க, எல்லாரு முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறனுங்க. இத்தன வருசம் நான் ஒருத்தியா இருந்தேன். காச்சல்ல கெடந்தப்பக்கூட ஒரு டம்ளர் சுடுதண்ணி வெச்சுக் குடுக்க ஆளில்லீங்க. அதுக்கு இந்தக் கமிட்டி ஒரு நாளும் கூடலீங்களே. இப்ப மட்டும் ஏனுங்க கூடியிருக்குது?”

 பிறகு ஆயர், “வர்ற ஞாயிறு முதல் ஓலை வாசிக்கிறேன்” என்றார். திருமண அறிவிப்பை ஆராதனையில் வாசிக்கப்போவதாகச் சொன்னார் என்றால், கமிட்டியின் பேச்சு அதோடு முடிந்தது என்று பொருள். ஆனால் வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். டீச்சர் வழக்காடவில்லை. வகுப்பு அவர் வீட்டு முன்னறைக்கு வந்தது. செருப்புகள் வாசலைத் தாண்டித் தெருவரை கிடக்கும்.

திருமணத்துக்கு மகன் வரவில்லை. வகுப்புக்கு வந்தவர்கள் வந்தார்கள். மணப்பெண்ணின் வெள்ளைச் சேலையை மாப்பிள்ளையே இஸ்திரி போட்டுத் தந்தார். அவ்வளவு மடிப்புக் குலையாத சேலையை நம் ஆலயத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர்கள் சண்டையே போடாத தம்பதி என்று யாரும் எண்ண வேண்டாம். மீன் குழம்பில் தேங்காய் அரைப்பது பற்றி முடிவே இல்லாத சண்டை நடந்தது. “இது கொழம்பா, பாயசமா?” என்பார் டீச்சர். “தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க டீச்சர்” என்பார் அவர். டீச்சர் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் முறையும் ஊற்றிக்கொள்வார். அறுபது வயதுக்குமேல் அவர் சத்தம் போட்டுச் சிரிக்கக் கற்றுக்கொண்டார். பள்ளியில் அத்தனை வருடம் பக்கத்தில் இருந்த நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை.

போன வருடம் டீச்சருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஜான்சன் மருத்துவமனைக்கு வந்தான். சாமுவேல் அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து டீச்சரின் தலையைச் சீவிக்கொண்டிருந்தார். சிக்கெடுக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். ஜான்சன் கதவருகே நின்று பார்த்துவிட்டு, வெளியே போய் மூன்று டீ வாங்கி வந்தான். ஒரு டம்ளரை அவரிடம் நீட்டினான். மன்னிப்பு, சமாதானம் என்று அவர்களுக்குள் வேறு பேச்சு நடந்ததா, எனக்குத் தெரியாது. அதன் பிறகு மாதம் ஒரு முறை வந்துகொண்டிருந்தான்.

நல்லடக்கத்தின்போது சாமுவேல் அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். ஜான்சன் திரும்பிப் பார்த்து, “நீங்கதாங்க முன்னால நிக்கோணும்” என்று அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தான். முதல் பிடி மண்ணை அவர்தான் போட்டார். தன்னோடு கோயமுத்தூருக்கு வரும்படி மகன் கேட்டபோது, “இல்ல தம்பி, வகுப்புக்கு ஆள் வருவாவல்லா” என்று சொல்லிவிட்டார்.

ஜெயமணி டீச்சரிடமிருந்து என்னோடு தங்கியது ஒரு புரிதல்தான். கடவுள் ‘நல்லதல்ல’ என்று சொல்லிவிட்டு அதோடு விடவில்லை. துணையை உண்டாக்கவும் செய்தார். சொன்னதில் பாதிதான் வசனம், மீதி நாம் எழுந்து செய்ய வேண்டியது. இந்த வாரம் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, “சும்மாதான் வந்தனுங்க” என்றார். யாரும் சும்மா வருவதில்லை என்று எனக்கு இப்போது தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்தேன்.