அந்தோணிசாமி சாரும் கல்லறைக்குப் போகும் வழியும்

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: புவியியல் ஆசிரியர் அந்தோணிசாமி காலமானார். நான் நம்பவில்லை. குழுவில் வருவது எதையும் விசாரிக்காமல் நம்பக்கூடாது என்பது அவர் எங்களுக்குப் பழக்கிவிட்ட குணம். அவருடைய எண்ணுக்கே கூப்பிட்டேன். மனைவி ஆரோக்கியமேரி எடுத்தார். "நெஜந்தான் சார். நெஞ்சு வலின்னாரு. ஆட்டோ வர்றதுக்குள்ள பூட்டாரு" என்றார்.

செங்கல்பட்டுக்குத் தெற்கே ஓர் அரசுப் பள்ளியில் அவர் புவியியலும் நான் வேதியியலும் நடத்தினோம். அவர் பிறந்ததும் வாழ்ந்ததும் ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் காலனியில். என் வீடு மேட்டில், ஊர்ப் பக்கம். பழகிய புதிதில், "நீங்க மேட்டு ஆளு. உங்கள பாதிதான் நம்புவேன்" என்று சிரிக்காமல் சொன்னார். மீதிப் பாதியை அவர் தரவே இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

நில அமைப்பால்தான் சில ஊர்கள் ஏழ்மையில் கிடக்கின்றன என்று யாராவது சொன்னால் அவருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மழக் காலத்துல பொணத்த எந்த வழியா எடுப்பீங்க?" ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் மேடு எது, பள்ளம் எது, யாரை எங்கே குடிவைத்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

ஒருமுறை மாணவர்களோடு மாமல்லபுரம் போனபோது, பக்கத்து மீனவர் குப்பத்திலும் இதையே கேட்டார். மீன் கூடையோடு நின்ற ஓர் அம்மா, "பொணத்த வுடு சார், மீனு போவவே வழி இல்ல. ரோட்டுக்குப் போற சந்துல ரிசார்ட்டுக்காரன் செவுரு கட்டிட்டான். சுத்திகினு போறதுக்குள்ள மீனு நஞ்சி நாறிப் பூடுது. அப்பறம் இன்னா வெல கெடைக்கும்?" என்றார். பேருந்தில் ஏறியதும் சார் என்னிடம், "நாளைக்கு ஒருத்தன் இவங்க வறுமைக்குக் கடல் மேல பழி போட்டுக் கட்டுரை எழுதுவான், பாருங்க" என்றார்.

அவருடைய காலனியிலும் கல்லறைக்குப் போக ஏரியின் உபரிநீர்க் கால்வாயைக் கடக்க வேண்டும். மழையில் இடுப்பளவு ஓடும். பாலம் கேட்டு அவர் அலையாத அலுவலகம் இல்லை. பள்ளமான இடம், பாலம் நிற்காது என்று கைவிரித்துவிட்டார்கள். பிறகு சற்று மேலே ஒரு தனியார் மனைப்பிரிவு வந்தது. அதே கால்வாயின் மேல் அவர்களுக்குப் பாலம் எழும்பியது, அதற்கு இரும்பு கேட் போட்டுப் பூட்டியும் வைத்தார்கள். என்னை அழைத்துப்போய்க் காட்டினார். "தண்ணிக்கும் ஆளு தெரியுது பாருங்க சார்."

அடக்கத்தன்று மழை விட்டிருந்தாலும் கால்வாய் நிறைய ஓடியது. மனைப்பிரிவின் மேலாளர் மாலையோடு வந்து, கேட்டைத் திறந்துவிட்டிருப்பதாகவும் பாலத்தின் வழியே எடுத்துப் போகலாம் என்றும் சொன்னார். அவருடைய கனிவை நான் துளியும் நம்பவில்லை. ஆனாலும் பெட்டி பத்திரமாகப் போகுமே என்று மனம் அலைபாய்ந்தது. ஆரோக்கியமேரி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அடுத்து சாவறவங்களுக்கும் தொறப்பியா?"

"இது சாருக்காக ஸ்பெஷலா பண்றது மேடம்."

"அப்ப வாணாம். தண்ணியிலயே தூக்குங்க" என்றார் எங்களைப் பார்த்து.

தூக்கினோம். நடுக் கால்வாயில் தண்ணீர் மார்புக்கு ஏறியது. பெட்டியைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டோம். மேலாளர் பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறந்தே கிடந்தது, யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

போய் வாருங்கள், சார். நாங்கள்தான் நனைந்தோம். உங்கள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.